வைப்பர் பிளேடு: ரப்பரை மட்டும் மாற்றலாமா, முழு பிளேடையும் மாற்ற வேண்டுமா?

மழை இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கொளி முன் கண்ணாடியில் கோடு கோடாகச் சிதறும்போதுதான் பலருக்கும் வைப்பரின் நினைவே வருகிறது. வெயில் காலம் முழுவதும் அது கண்ணாடியின் அடியோரத்தில் அசையாமல் கிடந்து, சூட்டில் வெந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே இறுகிப்போயிருக்கும். முதல் மழையில் விசையைத் தட்டினால் நீரை வழிப்பதற்குப் பதில் இழுகிவிட்டுப் போகிறது. சாலை தெரிய வேண்டிய அந்த நேரத்தில் கண்ணை மறைப்பதே வைப்பராகிவிடுகிறது.

மாற்றிவிடலாம் என்று கிளம்பினால் கேள்விகள் வரிசை கட்டி நிற்கின்றன. ரப்பர் மட்டும் போதுமா, முழு பிளேடு வேண்டுமா? இரும்புச் சட்டம் வைத்த பழைய வகையா, சட்டமில்லாத தட்டை வகையா, இரண்டும் கலந்ததா? சாதாரண ரப்பரா, சிலிக்கானா? மலிவானதற்கும் உயர்ந்ததற்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்களுக்கு, வண்டியோடு வந்த அதே வகையில், நல்ல ரப்பர் உள்ள நடுத்தர விலை பிளேடை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதே சிறந்த வழி. உயர்ந்த விலையில் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டுப் பல ஆண்டுகள் மறந்துவிடலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பொய்த்துவிடும். இந்த முடிவு எந்தெந்த வண்டிக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

தேய்ந்தது எது?

வாங்குவதற்கு முன் இதைக் கண்டுபிடிப்பதில்தான் பாதிப் பணம் மிஞ்சும். வைப்பர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று உறுப்புகளின் கூட்டு. மோட்டாரின் இயக்கத்தைப் பெறும் கை முதலாவது. அதற்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் கண்ணாடியின் மீது அழுத்தம் கொடுக்கிறது. கையின் நுனியில் மாட்டியிருக்கும் பிளேடு, அந்த அழுத்தத்தைத் தன் நீளம் முழுவதும் பரப்பித் தருகிறது. பிளேடின் அடியில் ரப்பர் பட்டை. இந்த மூன்றில் நீரைத் தொட்டு வழிப்பது ரப்பரின் மெல்லிய விளிம்பு மட்டுமே.

அந்த விளிம்பு செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் எல்லாக் கோளாறும் விளங்கிவிடும். கை ஒரு திசையில் போகும்போது விளிம்பு பின்பக்கமாகச் சாய்ந்து இழுபட்டபடி வர வேண்டும். கை திரும்பும் கணத்தில் விளிம்பும் மடங்கி மறுபக்கம் சாய வேண்டும். ரப்பர் மெத்தென்று இருக்கும்வரை இது சத்தமில்லாமல் நடக்கும். வெயிலிலும் காற்றில் உள்ள ஓசோனிலும் ரப்பர் இறுகிவிட்டால் மடங்க மறுக்கும். அப்போது ஒரு திசையில் ஒழுங்காகத் துடைத்துக்கொண்டு போகும் பிளேடு, திரும்பி வரும்போது தடதடவென்று தாவித் தாவி வரும்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழுந்தால், விளிம்பில் அந்த இடத்தில் கீறல் இருக்கும் அல்லது மணல் துணுக்கு ஒட்டியிருக்கும். துடைத்த பரப்பு முழுவதும் மங்கலாக ஒரு படலம் நின்று பிறகு மறைந்தால், விளிம்பின் கூர்மை போய் உருண்டுவிட்டது என்று கொள்ளலாம். கண்ணாடியில் எண்ணெய்ப் பசையோ மெழுகோ படிந்திருந்தாலும் இதே படலம் வரும். கையகல இடம் ஒன்று துடைபடாமலே தங்கினால், ரப்பரைவிட அழுத்தத்தின் மீதுதான் சந்தேகம் கொள்ள வேண்டும். சட்டம் வளைந்திருக்கலாம், மூட்டு இறுகியிருக்கலாம், கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடியை நன்றாகக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பசை போகும்வரை துடையுங்கள். ஈரத்துணியை ரப்பர் விளிம்பில் மடித்துப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுங்கள். துணியில் கறுப்பாக வரும். அது குறையும்வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். பிறகு தண்ணீர் தெளித்து வைப்பரை ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் விளிம்பை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலும், விரலை எடுத்த பின் நேராக நிமிராமல் ஒருபக்கம் சாய்ந்தே நின்றாலும் அதன் காலம் முடிந்துவிட்டது.

கைவைத்தியங்கள்

மாற்றாமலே சமாளிக்கும் வழிகளாக உப்புத்தாள், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எனப் பலவற்றைச் சொல்வார்கள். இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். உப்புத்தாளால் தேய்த்தால் இறுகிய மேற்பரப்பு போய் ஓரிரு நாள் நன்றாகத் துடைப்பது போலத் தோன்றும். அதோடு, உராய்வைக் குறைப்பதற்காக ரப்பரின் மேல் பூசப்பட்ட கிராஃபைட் அடுக்கும் போய்விடும். துல்லியமாக வெட்டப்பட்ட விளிம்பு சொரசொரப்பாகிவிடும். மண்ணெண்ணெயும் பெட்ரோலிய எண்ணெய்களும் இயற்கை ரப்பரை ஊதவைத்து வலுவிழக்கச் செய்பவை. எந்த எண்ணெயானாலும் கண்ணாடியில் ஒட்டி, இரவில் எதிர்விளக்கு படும்போது பார்வையை மறைக்கும். விளிம்பைச் சீவி எடுக்கும் சிறு கருவிகள் விற்கப்படுகின்றன. பிளேடு வந்து சேரும்வரை சில நாள் தள்ளுவதற்கு மட்டும் அவை உதவலாம்.

ரப்பரை மட்டும் மாற்றுவது

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். தகுதிக்கு உரிய கவனம் இதற்குக் கிடைப்பதில்லை என்ற ஆதங்கமும் உண்டு. சட்டம் நல்ல நிலையில் இருக்கும்போது, தேய்ந்துபோன ஒரு ரப்பர் பட்டைக்காக இரும்பு, பிளாஸ்டிக், கொக்கி எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பையில் போடுகிறோம். ரீஃபில் எனப்படும் மாற்று ரப்பர் தனியாகக் கிடைக்கிறது. ஜப்பானியக் கார்கள் பலவற்றுக்கு, வண்டி நிறுவனத்தின் உதிரிபாக எண்ணோடே இதை வாங்கலாம். செலவு முழு பிளேடின் விலையில் ஒரு பகுதிதான்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ரப்பரின் அகலமும், மேற்பகுதியில் உள்ள பள்ளத்தின் வடிவமும், சட்டத்தில் ரப்பரைப் பிடித்திருக்கும் நகங்களுக்குப் பொருந்த வேண்டும். நீளம் கூடுதலாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம்; அகலம் தவறினால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய ரப்பரின் இரு பக்கமும் மெல்லிய எஃகுத் தகடுகள் இரண்டு ஓடும். ரப்பரை உருவும்போது அவை கழன்று வந்துவிடும். அவற்றின் வளைவு எந்தப் பக்கம் நோக்கியிருந்தது, வெட்டுக்குறி எந்த முனையில் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே பார்த்து வையுங்கள், அல்லது படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகடுகளைத் தலைகீழாகச் செருகினால் புதிய ரப்பரும் நடுவில் அழுந்தி முனைகளில் தூக்கிக்கொள்ளும். புதிய பட்டையைச் செருகும்போது ஒவ்வொரு நகமும் பள்ளத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் பூட்டும் முனை அதன் நகத்தில் 'டக்' என்று சிக்கும்வரை தள்ள வேண்டும். இது சிக்காவிட்டால் ஓடும்போது ரப்பர் மெல்ல மெல்ல நழுவி வெளியே வரும், பிறகு வெற்று இரும்பு கண்ணாடியில் உரசும்.

சட்டத்தின் மூட்டுகள் ஆடினாலும், துருப்பிடித்து இறுகியிருந்தாலும், பிளாஸ்டிக் கொக்கி வெயிலில் பொரிந்திருந்தாலும் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. இரண்டு மூன்று முறை ரப்பர் மாற்றிய சட்டத்துக்கு ஓய்வு கொடுப்பது நியாயம். தட்டை வகை பிளேடுகள் பலவற்றில் ரப்பரை உருவி மாற்றும் வசதியே தரப்படுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சட்டமா, தட்டையா, கலப்பா?

சட்ட வகையில், நடுவிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் இரும்புக் கம்பிகள் ரப்பரை ஆறு அல்லது எட்டு இடங்களில் பிடித்து அழுத்துகின்றன. மூட்டுகள் அசைவதால் கண்ணாடியின் வளைவுக்கு ஏற்ப அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். விலை குறைவு, எளிதில் கிடைக்கும், ரப்பரை மட்டும் மாற்றலாம். குறை என்னவென்றால் அசையும் மூட்டுகள் பல. தூசி, துரு, உறைபனி எல்லாம் அங்கேதான் புகும். பனி பொழியும் இடங்களில் மூட்டுகளுக்குள் பனி இறுகி, பிளேடு விறைத்துப்போய்விடும். வேகமாக ஓட்டும்போது எதிர்காற்று சட்டத்தின் அடியில் புகுந்து தூக்கவும் பார்க்கும். சிலவற்றில் இதற்காகவே டிரைவர் பக்கத்தில் சிறு காற்றுத் தடுப்பு இருக்கும்.

தட்டை வகையில் கிளைகளே கிடையாது. வில் போல வளைத்துப் பதப்படுத்திய ஒரே எஃகுப் பட்டைதான் முதுகெலும்பு. கையின் ஸ்பிரிங் அந்த வளைவைக் கண்ணாடியில் வைத்து நிமிர்த்தும்போது, நீளம் முழுவதும் ஒரே சீராக அழுத்தம் பரவுகிறது. பாஷ் நிறுவனம் 1999-இல் ஏரோட்வின் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. பிறகு பல கார்கள் தொழிற்சாலையிலிருந்தே தட்டை பிளேடோடு வரத் தொடங்கின. உயரம் குறைவு என்பதால் காற்று எளிதில் தூக்காது. பனி புக இடமில்லை. பார்வைக்கும் அழகு.

ஆனால் அந்த எஃகின் வளைவு உற்பத்தியின்போதே முடிவாகிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட கண்ணாடிக்கென்று வளைத்த பிளேடு அந்தக் கண்ணாடியில் மிக அருமையாகத் துடைக்கும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் தட்டை பிளேடு ஒரு சராசரி வளைவோடு வருகிறது. உங்கள் கண்ணாடி அதைவிட அதிகம் வளைந்திருந்தால் இரு முனைகளும் கண்ணாடியைத் தொடாமல் நிற்கும். தட்டையாக இருந்தால் நடுவில் பட்டை போல ஓர் இடம் துடைபடாமல் போகும். சட்ட பிளேடுக்கென்று வடிவமைத்த பழைய கையின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், தட்டை பிளேடின் வளைவை முழுதாக நிமிர்த்தவும் முடியாது. பழைய வண்டிக்கு ஆசையாகத் தட்டை பிளேடு வாங்கிப்போட்டு, முன்பைவிட மோசமாகத் துடைக்கிறது என்று வருந்துபவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பிளேடின் மீது குறை சொல்லிப் பயனில்லை, அந்த இணை பொருந்தவில்லை.

ஆகவே, சட்ட பிளேடோடு வந்த வண்டிக்குத் தட்டை பிளேடு போட விரும்பினால், உங்கள் வண்டியின் பெயர், மாதிரி, ஆண்டு மூன்றையும் குறிப்பிட்டுப் பொருத்தம் தரும் பிளேடை மட்டும் வாங்குங்கள். தட்டை பிளேடோடு வந்த வண்டிக்குச் சட்ட பிளேடை மாட்டுவது அதைவிடவும் வேண்டாத வேலை. அந்தக் கைகளின் பிடிப்பு வேறு. மாட்ட முடிந்தாலும் உயரம் கூடி, பானெட்டின் பின் விளிம்பில் இடிக்கும் வாய்ப்பு உண்டு.

கலப்பு வகை, உள்ளே சட்டத்தின் மூட்டுகளை வைத்து, மேலே காற்றை வழுக்கவிடும் பிளாஸ்டிக் உறை போட்டது. வளைவுக்கு ஏற்ப அசையும், காற்றும் எளிதில் தூக்காது. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும், நன்கு வளைந்த கண்ணாடி உள்ள வண்டிகளுக்கு நல்ல தேர்வு. உறைக்குள் இருக்கும் மூட்டுகளைச் சுத்தம் செய்வதுதான் கடினம்.

ரப்பரின் குணம்

1903-இல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற கண்ணாடி துடைக்கும் கருவியை ஓட்டுபவர் உள்ளிருந்து நெம்புகோலால் இயக்க வேண்டும். வெளியே ஆடும் கையில் இருந்தது ரப்பர்தான். நெம்புகோலின் இடத்துக்கு மோட்டார் வந்த பிறகும் நீரை வழிக்கும் வேலை ரப்பரிடமே இருக்கிறது. பிளேடுக்குக் கொடுக்கும் விலையை நான் இந்தப் பட்டையை வைத்துத்தான் எடைபோடுவேன். மேலே உள்ள பிளாஸ்டிக்கின் பளபளப்பு இரண்டாம்பட்சம்.

இயற்கை ரப்பர் மெத்தென்று மடங்கும், கிழிசலைத் தாங்கும், சத்தமில்லாமல் துடைக்கும். வெயிலும் ஓசோனும்தான் அதற்குப் பகை. செயற்கை ரப்பர் கலந்தவை வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். கிராஃபைட் பூச்சு உள்ளவை முதல் நாளிலிருந்தே கீச்சொலி இல்லாமல் ஓடும். இவற்றின் ஆயுள் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு என்பதே பரவலான அறிவுரை. நிழலில் நிற்கும் வண்டியில் இன்னும் சற்று நீளும்.

சிலிக்கான் வெயிலையும் சூட்டையும் ஓசோனையும் மிக நன்றாகத் தாங்கும். துடைக்கத் துடைக்க நீர் ஒட்டாத மெல்லிய படலம் ஒன்றைக் கண்ணாடியில் விட்டுச் செல்லும். வேகமாகப் போகும்போது நீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்க்கச் சுகமாக இருக்கும். ஆனால் மெதுவாகப் போகும்போது, சன்னமான தூறலில், அந்த முத்துகள் அப்படியே நின்று விளக்கொளியைச் சிதறவைக்கலாம். சிலிக்கான் விளிம்பு கிழிசலையும் தேய்மானத்தையும் இயற்கை ரப்பர் அளவுக்குத் தாங்குவதில்லை. புழுதி படிந்த கண்ணாடியில் உலர்வாக ஓட்டினால் விளிம்பு சீக்கிரம் பழுதாகும். கண்ணாடியைப் பசையறச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் தடதடப்பும் வரும்.

வண்டி நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறது, கண்ணாடியை அடிக்கடி கழுவும் பழக்கமும் உங்களுக்கு இருக்கிறது என்றால் சிலிக்கானுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்போகாது. கண்ணாடியில் ஏற்கெனவே நீர் ஒட்டாத பூச்சு போட்டிருந்தாலும் சிலிக்கானே மேல். அந்தப் பூச்சின் மீது சாதாரண ரப்பர் தாவுவது வழக்கம். புழுதியில் ஓடி, வைப்பரால்தான் கண்ணாடி சுத்தமாகிறது என்ற நிலையில் உள்ள வண்டிக்குச் சாதாரண ரப்பரை வாங்கி அடிக்கடி மாற்றுவதே நல்லது.

ஒன்றா, இரண்டா?

முன்பக்கம் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். இரண்டும் ஒரே வெயிலில் நின்றவை. ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும். அளவை ஊகிக்கவும் வேண்டாம். பல கார்களில் டிரைவர் பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்கும். வண்டியின் கையேட்டில் பார்க்கலாம், அல்லது பழைய ரப்பரை அளந்துகொள்ளலாம். அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்து எழுதியிருப்பார்கள்; 24 அங்குலம் என்றால் ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். நீளம் கூடினால் பிளேடுகள் ஒன்றோடொன்று மோதும் அல்லது கண்ணாடியின் ஓரச்சட்டத்தில் இடிக்கும். அதைவிட முக்கியம் கையின் நுனி: வளைந்த கொக்கியா, பக்கவாட்டு முளையா, பொத்தான் அழுத்திக் கழற்றும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வண்டி நிறுவனத்தின் முத்திரை இட்ட பிளேடா, உதிரிபாக நிறுவனத்தின் பிளேடா என்பதில் நான் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டேன். பாஷ், வாலியோ, டென்சோ போன்ற நிறுவனங்கள்தான் கார் நிறுவனங்களுக்கே வைப்பர் பாகங்கள் செய்து தருகின்றன. போலிகள் மலிந்த பொருள் இது என்பதால், நம்பிக்கையான இடத்தில் வாங்குவதுதான் முக்கியம்.

மாட்டும்போது

இதற்கு மெக்கானிக் தேவையில்லை, பொறுமை வேண்டும். பழைய பிளேடைக் கழற்றும் முன் கண்ணாடியின் மீது தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள். பிளேடு இல்லாத இரும்புக் கை ஸ்பிரிங்கின் வேகத்தோடு கண்ணாடியில் விழுந்தால் விரிசல் விட்டுவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடவே கூடாது. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது; அதை மாற்றும் செலவில் பல ஆண்டுகளுக்குப் பிளேடு வாங்கிவிடலாம். உட்புறத்தில் ஓட்டுநர் உதவிக் கேமரா பொருத்தப்பட்ட முன் கண்ணாடி என்றால், மாற்றிய பிறகு கேமராவையும் மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

கைகள் பானெட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் வண்டிகளில் அவற்றை வலுக்கட்டாயமாகத் தூக்கக் கூடாது. என்ஜினை நிறுத்தியவுடன் வைப்பர் விசையை அழுத்துவது போன்ற ஒரு வழியில் கைகளைப் பாதி உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தலாம். உங்கள் வண்டிக்கு உரிய முறை கையேட்டில் இருக்கும்.

மாட்டிய பிறகும் தடதடப்பு நின்றபாடில்லை என்றால் அடுத்த பிளேடை வாங்க ஓட வேண்டாம். முதலில் கண்ணாடியைப் பாருங்கள். கழுவும் இடத்தில் போடும் மெழுகு கலந்த ஷாம்பு முக்கியக் காரணம். அது சுத்தமென்றால் கையைப் பாருங்கள். வைப்பர் பாதிவழியில் இருக்கும்போது, பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கை சற்று முறுக்கிக்கொண்டு பிளேடு ஒருபக்கம் சாய்ந்திருந்தால், எந்த விலையில் வாங்கிய ரப்பரும் ஒரு திசையில் தாவத்தான் செய்யும். அந்த முறுக்கை நிமிர்த்துவதை மட்டும் கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கையையே மாற்ற வேண்டும்.

பின் கண்ணாடி வைப்பருக்கு இத்தனை தேர்வுகள் கிடையாது. பெரும்பாலும் அந்தந்த வண்டிக்கென்றே செய்த பிளாஸ்டிக் பிடிப்போடு வருவதால், மாதிரியைச் சொல்லி அதையே வாங்க வேண்டியதுதான். அரிதாக ஓடுவதால் அது தேய்வதைவிடக் காய்ந்துபோவதே அதிகம். முன்பக்கம் மாற்றும் நாளில் அதன் விளிம்பையும் விரலால் ஒருமுறை மடக்கிப் பார்த்துவிடுங்கள்.